கம்ப்ளைண்ட் பக்கம் மட்டும் ஏன் திறக்கவில்லை? ஒரு சிஆர்எம் பழுதின் முழு விவரம்

கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப்செட் விற்பனையும் சர்வீஸும் செய்யும் நிறுவனம் ஒன்று. பெயர் வேண்டாம். வீட்டுக் கிணற்று மோட்டாரிலிருந்து தோட்டத்து போர்வெல் சப்மெர்சிபிள் வரை விற்கிறார்கள், விற்றதற்கெல்லாம் ஏ.எம்.சி., அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், போடுகிறார்கள். புது மோட்டார் விற்பதில் போட்டி அதிகம், லாபம் குறைவு. ஏ.எம்.சி.தான் மாதச் சம்பளத்தைத் தாங்குகிறது. எந்த வாடிக்கையாளருக்கு எந்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது, யார் சொன்ன கம்ப்ளைண்ட் இன்னும் பார்க்கப்படாமல் கிடக்கிறது என்ற இரண்டையும் நோட்டுப் புத்தகத்திலிருந்து கணினிக்குக் கொண்டுவரத்தான் சிஆர்எம் என்ற வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருளை நிறுவினார்கள்.

தேர்ந்தெடுத்தது சூட்சிஆர்எம். 2004-ல் தொடங்கிய சுகர்சிஆர்எம், தன் இலவசத் திறமூலப் பதிப்பை மெல்லக் கைவிட்டுக்கொண்டிருந்தபோது, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சேல்ஸ்எஜிலிட்டி என்ற நிறுவனம் 2013-ல் அதிலிருந்து கிளை பிரித்து உருவாக்கியது. பிஎச்பி மொழி, மரியாடிபி டேட்டாபேஸ், அப்பாச்சி வெப்சர்வர் இருந்தால் ஓடும். ஆளுக்கு மாதம் இவ்வளவு என்ற சந்தா கிடையாது. உரிமையாளரை இழுத்தது அதுதான். வாடகைக்கு ஒரு கிளவுட் சர்வர் எடுத்து, தெரிந்தவர் ஒருவரை வைத்து ஏற்றிவிட்டார்கள். சந்தா இல்லாத இடத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்பதை அப்போது யாரும் அவரிடம் சொல்லவில்லை. இது சூட்சிஆர்எம்மின் குறை அல்ல. ஆனால் இந்த அளவிலான நிறுவனங்கள் பாதிக்கு மேல் சந்தா கட்டும் சேவைக்கே போவது நல்லது என்பது என் கருத்து. சர்வர் ஆளை வைத்துக்கொள்ள முடியும் என்றால் மட்டும் இந்த வழிக்கு வரலாம்.

என்னிடம் வந்தபோது புகார்கள் கலவையாக இருந்தன. கம்ப்ளைண்ட் பக்கம் திறக்கவில்லை. மெயில் போகவில்லை. பழைய வாடிக்கையாளர் சிலரைக் காணவே காணோம். மூன்றுக்கும் சேர்த்து அவர்கள் வைத்திருந்த தீர்ப்பு ஒன்றே: “சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சு.”

முன்மேசையில் இருந்த அக்காதான் விஷயத்தைச் சரியாகச் சொன்னார். “மத்த பக்கமெல்லாம் நல்லாத்தான் வருதுங்க. கஸ்டமர் பேரு வருது, கொட்டேஷன் வருது. கம்ப்ளைண்ட்டையும் ஏ.எம்.சி.யையும் தொட்டா மட்டும் வெள்ளையா நின்னுக்குதுங்க.” பழுது எங்கே என்று தேட இதைவிட நல்ல துப்பு கிடைக்காது. மென்பொருளே கெட்டிருந்தால் எல்லாப் பக்கமும் விழுந்திருக்கும். டேட்டாபேஸ் விழுந்திருந்தாலும் அப்படியே. குறிப்பிட்ட இரண்டு மாட்யூல்கள் (மென்பொருளின் பகுதிகள்) மட்டும் விழுகின்றன என்றால், அந்த இரண்டுக்கும் பொதுவாக ஏதோ ஒன்று நடந்திருக்கிறது.

கை வைக்கும் முன் பேக்கப். டேட்டாபேஸை மட்டும் எடுத்துவைத்தால் பாதி வேலைதான். சூட்சிஆர்எம்மில் ஏற்றும் வாரண்டி அட்டை, பில் படம் எல்லாம் சர்வரில் ‘அப்லோட்’ ஃபோல்டருக்குள் கிடக்கும். அங்கே கோப்பின் சொந்தப் பெயர் இருக்காது. நீளமான ஓர் அடையாளக் குறியீடு மட்டும்தான் இருக்கும். எந்தக் குறியீடு எந்த வாடிக்கையாளருடைய பில் என்பது டேட்டாபேஸுக்குத்தான் தெரியும். ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் வைத்திருப்பவரிடம் உருப்படியாக எதுவும் இல்லை. இந்த நிறுவனத்தில் இரண்டும் எடுக்கப்பட்டிருக்கவில்லை.

அடுத்தது லாக். பிழை நடந்தால் சூட்சிஆர்எம் தன் லாக் கோப்பில் எழுதிவைக்கும். அக்காவைக் கம்ப்ளைண்ட் பக்கத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு லாக்கின் வாலைப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை. மறுபடி திறந்தார், மறுபடியும் வெள்ளை, மறுபடியும் லாக்கில் மௌனம். கோப்பு காலியாகவும் இல்லை. பின்னணியில் ஓடும் வேலைகள் எழுதிய வரிகள் இருந்தன. உலாவியிலிருந்து வரும் ஆட்கள் எழுத வேண்டிய வரிகள் மட்டும் இல்லை.

லாக் கோப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்ததும் பாதி விஷயம் வெளியே வந்துவிட்டது. கோப்பின் உரிமையாளர் பெயர் ‘ரூட்’, அதாவது சர்வரின் முழு அதிகாரம் உள்ள பயனர். லாக் ஓர் அளவுக்கு மேல் வளர்ந்ததும் சூட்சிஆர்எம் அதை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கும். அந்தப் புதுக் கோப்பை எந்தப் பயனர் உருவாக்குகிறாரோ அவர் பெயரிலேயே அது நிற்கும். கடைசியாக உருவாக்கியது ரூட். வலைத்தளத்தை நடத்தும் அப்பாச்சியோ வேறு பயனர் பெயரில் ஓடுகிறது. ரூட்டின் கோப்பில் அதனால் எழுத முடியாது. பிழை நடந்திருக்கிறது, பிழையை எழுதிவைக்கக்கூட வழியில்லாமல் போயிருக்கிறது.

கேஷ் ஃபோல்டரிலும் அதே கதை. சூட்சிஆர்எம் ஒவ்வொரு மாட்யூலுக்கும் புலங்களின் விவரம், மொழிக் கோப்பு, பக்கத்தின் வார்ப்பு ஆகியவற்றை முதல் தடவை கேட்கும்போது தயாரித்துக் கேஷுக்குள் வைத்துக்கொள்ளும். வாடிக்கையாளர், கொட்டேஷன் ஆகியவற்றின் கேஷ் ஃபோல்டர்கள் அப்பாச்சிப் பயனரின் பெயரில் ஒழுங்காக இருந்தன. கம்ப்ளைண்ட்டுக்கும் ஒப்பந்தத்துக்கும் உரியவை மட்டும் ரூட் பெயரில். வேறொருவர் பூட்டிக்கொண்டு போன அறை மாதிரி. அப்பாச்சி உள்ளே போய்ப் பக்கத்தின் வார்ப்பை எழுதப் பார்க்கிறது, முடியவில்லை, அங்கேயே விழுகிறது. திரையில் வெள்ளை.

ஏன் அந்த இரண்டு மட்டும்? பின்னணி வேலைகள் தொட்ட மாட்யூல்கள் அவை இரண்டுதான். ஏ.எம்.சி. முடியப்போகிறது என்று மெயில் அனுப்பும் வொர்க்ஃப்ளோ (நிபந்தனை பொருந்தினால் தானாக நடக்கும் வேலை) ஒன்று, நிலுவைக் கம்ப்ளைண்ட்டை மேலாளருக்கு நினைவூட்டும் வொர்க்ஃப்ளோ ஒன்று. சில நாள் முன்பு யாரோ சூட்சிஆர்எம்மின் ஸ்டூடியோ என்ற வடிவமைப்புப் பகுதியில் ஒரு புதுப் புலம் சேர்த்து, கேஷைத் துடைத்திருக்கிறார்கள். துடைத்தபின் யார் முதலில் வந்து தொடுகிறாரோ அவர் பெயரில் புது ஃபோல்டர் உருவாகும். கம்ப்ளைண்ட்டுக்கும் ஒப்பந்தத்துக்கும் முதலில் வந்தது ஆள் அல்ல, ரூட் பெயரில் ஓடிய க்ரான், அதாவது குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக எழுப்பும் லினக்ஸ் வசதி.

ரூட் எப்படி உள்ளே வந்தது

சூட்சிஆர்எம்மில் தானாக நடக்க வேண்டிய எல்லாமே க்ரானை நம்பியிருக்கின்றன. நிமிடத்துக்கொரு தடவை லினக்ஸின் க்ரான் வந்து சூட்சிஆர்எம்மின் க்ரான் ஸ்கிரிப்டை எழுப்ப வேண்டும். அது எழுந்து, எந்த வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பார்த்துச் செய்யும். நினைவூட்டல், வொர்க்ஃப்ளோ, உள்வரும் மெயிலைப் படிப்பது, கூட்டமாக மெயில் அனுப்புவது எல்லாம் இதன் வேலை. நிறுவும்போது கடைசியில் இதற்கான வரியைத் திரையிலேயே காட்டுவார்கள். பலர் அதை அவசரமாகக் கடந்துபோய்விடுகிறார்கள். நிறுவினவர் கடந்துபோகவில்லை, ஆனால் தான் ரூட்டாக உள்ளே நுழைந்திருந்ததால், ரூட்டின் க்ரான்டேபிலேயே (க்ரானுக்கான வேலைப் பட்டியலிலேயே) அந்த வரியைப் போட்டுவிட்டார்.

சூட்சிஆர்எம் இதை அனுமதிப்பதில்லை. எந்தப் பயனர் க்ரானை ஓட்டலாம் என்ற பட்டியல் அதன் கான்ஃபிக் (அமைப்பு விவர) கோப்பில் இருக்கிறது. பட்டியலில் இல்லாதவர் வந்தால் லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டு வெளியேறிவிடும். வந்தவர் ரூட் என்றால், ரூட்டின் க்ரான்டேபை இதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று தனியாக ஒரு வரி வேறு சொல்லும். ரூட்டைப் பட்டியலில் சேர்த்துவிடும் ஆசை வரும் என்று எதிர்பார்த்தே அந்த வரியை வைத்திருக்கிறார்கள். க்ரான் வரியின் கடைசியில் வெளியீட்டை எல்லாம் குப்பைக்கு அனுப்பும் பகுதி இருப்பதால், திரையில் விழ வேண்டிய எச்சரிக்கை யார் கண்ணிலும் படவில்லை. லாக்கில் விழுந்ததை யாரும் திறந்து பார்க்கவில்லை.

ஆக, முதல் பல மாதங்கள் ஒரு நினைவூட்டலும் போகவில்லை. “போட்டோம், ஒன்னும் வேலை செய்யல” என்று ஊழியர்கள் மறுபடி நோட்டுக்கே போய்விட்டார்கள். அட்மின் பகுதியில் ஷெட்யூலர் பட்டியலைத் திறந்தால் ‘கடைசியாக வெற்றிகரமாக ஓடியது’ என்று ஒரு பத்தி இருக்கும். அதைப் பார்த்திருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும்.

பிறகு உரிமையாளர் நெருக்கியதும், உதவிக்கு வந்த இன்னொருவர் லாக்கைப் படித்திருக்கிறார். படித்தவர், முதல் வரியை எடுத்துக்கொண்டு இரண்டாவது வரியை விட்டுவிட்டார். கான்ஃபிக்கில் அனுமதிப் பட்டியலில் ரூட்டைச் சேர்த்தார். உடனே எல்லாம் ஓடத் தொடங்கியது.

ஓடியதுதான் பிரச்சினை. ஏ.எம்.சி. வொர்க்ஃப்ளோவின் நிபந்தனை “முடியும் தேதி இன்றிலிருந்து 30 நாளுக்குள்” என்று நினைத்து எழுதப்பட்டது. உண்மையில் எழுதியிருந்தது “முடியும் தேதி, இன்று கூட்டல் 30 நாளைவிடக் குறைவு” என்று மட்டும். மூன்று வருடத்துக்கு முன் முடிந்துபோன ஒப்பந்தமும் அந்தக் கணக்கில் குறைவுதான். வொர்க்ஃப்ளோவை எல்லாப் பதிவுகளின் மீதும் ஓடும்படி வைத்திருந்தார்கள். மோட்டாரை விற்றுவிட்டு ஊரைக் காலி செய்துபோனவர்கள், போட்டி நிறுவனத்துக்கு மாறியவர்கள் என்று எல்லோருக்கும் ராத்திரியோடு ராத்திரியாக “உங்கள் ஒப்பந்தம் முடியப்போகிறது” என்று மெயில் போய்ச் சேர்ந்தது.

அனுப்பியது ஒரு சாதாரண ஜிமெயில் கணக்கு வழியாக. அதில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. தாண்டினால் கூகுள் கொஞ்ச நேரம் கணக்கின் வாயைக் கட்டிவிடும். மறுநாள் காலை கொட்டேஷன் கூடப் போகவில்லை. கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று உரிமையாளர் பயந்துபோய் கூகுள் பாஸ்வேர்டை மாற்றினார். மாற்றியதும், சிஆர்எம்முக்குக் கொடுத்திருந்த ஆப் பாஸ்வேர்ட் தானாகவே செல்லாமல் போனது. தனிநபர் கணக்குகளில் சாதாரணப் பாஸ்வேர்டை வைத்து வேறு மென்பொருள் மெயில் அனுப்புவதைக் கூகுள் 2022 மே 30-ல் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு, இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் எடுக்க வேண்டும். கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் ரத்தாகும். “மெயில் போகவில்லை” என்ற புகாரின் முழுக் கதை இதுதான். சிஆர்எம்மின் மெயில் அமைப்பில் யாரும் எதையும் தொட்டிருக்கவில்லை.

சரிசெய்த வரிசை

க்ரானைச் சரிசெய்வது எளிது. சரிசெய்த மறுநிமிடமே அது ஓடத் தொடங்கும் என்பதுதான் ஆபத்து. எனவே முதலில் எல்லா வொர்க்ஃப்ளோவையும் செயலற்றதாக்கினோம். ரூட்டின் க்ரான்டேபிலிருந்து வரியை நீக்கி, கான்ஃபிக் பட்டியலிலிருந்து ரூட்டின் பெயரை எடுத்துவிட்டோம். சூட்சிஆர்எம் ஃபோல்டர் முழுவதையும் அப்பாச்சிப் பயனரின் பெயருக்கு மாற்றி, அதே பயனரின் க்ரான்டேபில் அதே வரியைப் போட்டோம். அட்மினில், கேஷைத் துடைத்துப் புதிதாகக் கட்டும் ‘க்விக் ரிப்பேர் அண்ட் ரீபில்ட்’ ஓட்டினோம். கம்ப்ளைண்ட் பக்கம் திறந்தது. கோப்புகளின் உரிமையை மட்டும் மாற்றிவிட்டு ரூட்டின் க்ரானை அப்படியே விட்டிருந்தால் அன்றைக்குத் திறந்திருக்கும். அடுத்த தடவை யாராவது கேஷைத் துடைத்ததும் மறுபடி வெள்ளை வந்திருக்கும். இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பல, உரிமையை மாற்று, இல்லையென்றால் 777 கொடு என்பதோடு நின்றுவிடுகின்றன. 777 கொடுப்பது சர்வரில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று கதவைக் கழற்றி வைப்பது. அதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள்.

வொர்க்ஃப்ளோவில் கீழ் எல்லையையும் சேர்த்தோம்: முடியும் தேதி இன்றைக்குப் பிறகும் இருக்க வேண்டும், 30 நாளுக்குள்ளும் இருக்க வேண்டும். ஒரே பதிவுக்குத் திரும்பத் திரும்ப ஓடலாமா என்ற பெட்டியில் டிக்கை எடுத்துவிட்டோம். மெயில் முகவரியை எங்கள் சோதனை முகவரிக்கு மாற்றி ஓர் இரவு ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் வாடிக்கையாளர் பக்கம் திருப்பினோம். மெயிலை ஜிமெயிலிலிருந்து நிறுவனத்தின் சொந்த டொமைனுக்கு மாற்றி, மெயில் உண்மையில் அந்த டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளைப் போட்டோம். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் பெறும் மெயில்களுக்கு இந்த அடையாளச் சான்றுகளில் ஒன்றையாவது கண்டிப்பாகக் கேட்கிறது. இல்லாமல் அனுப்பினால் ஸ்பேமில் விழும், அல்லது திரும்பி வரும்.

நேரக் குழப்பம் ஒன்றும் இடையில் தீர்ந்தது. விற்பனை ஆள் காலை 10 மணிக்கு என்று போட்ட போன் கால், மேலாளரின் திரையில் 4.30 என்று தெரிந்துகொண்டிருந்தது. சூட்சிஆர்எம் எல்லா நேரத்தையும் டேட்டாபேஸில் உலகப் பொது நேரத்தில் வைத்துக்கொண்டு, பார்ப்பவரின் சொந்த நேர மண்டலத்துக்கு மாற்றிக் காட்டும். மேலாளரின் கணக்கில் அது அமைக்கப்படவில்லை. ஐந்தரை மணி வித்தியாசம் என்று யாராவது சொன்னால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை.

காணாமல் போனவர்கள்

மூன்றாவது புகாருக்கு சர்வரோடு சம்பந்தமே இல்லை. மென்பொருளை ஏற்றுவதற்கு முன்பே, எக்செல்லில் நடந்த இழப்பு அது.

பழைய வாடிக்கையாளர் பட்டியல் ஓர் எக்செல் கோப்பில் இருந்தது. கைபேசி எண்கள் முன்னால் 91 சேர்த்து, இடைவெளி இல்லாமல், 12 இலக்கமாக. அந்தப் பத்தி எண் வடிவில் இருந்ததால் எக்செல் அதை 9.19877ஈ+11 என்று சுருக்கிக் காட்டும். எக்செல் கோப்பாக இருக்கும்வரை பாதகமில்லை. உள்ளே முழு எண்ணும் பத்திரமாக இருக்கும். சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக, சேமித்தால் கண்ணுக்குத் தெரிவதைத்தான் எழுதும். அதை மறுபடி திறந்தால் 919877-க்குப் பின் ஆறு சைபர். கடைசி ஆறு இலக்கமும் போய்விட்டன.

இத்தோடு நின்றிருந்தால் எண்கள்தான் போயிருக்கும். சிஎஸ்வியைத் தயார் செய்தவர் நல்ல எண்ணத்தில், இரட்டைப் பதிவுகளை நீக்கும் எக்செல் வசதியைக் கைபேசிப் பத்தியின் மீது ஓட்டியிருக்கிறார். கைபேசி எண் வரிசைகள் தொலைத்தொடர்பு வட்டத்துக்கு வட்டம் ஒதுக்கப்படுபவை. ஒரே ஊர்க்காரர்களிடம் ஒரே மாதிரி தொடங்கும் எண்கள் நிறைய இருக்கும். முதல் நான்கு இலக்கம் ஒன்றாக இருந்தவர்கள் எல்லாரும் எக்செல்லுக்கு ஒரே ஆளாகத் தெரிந்திருக்கிறார்கள். ஒருவரை வைத்துக்கொண்டு மற்றவர்களைத் தூக்கி எறிந்துவிட்டது. சிஆர்எம்முக்குள் அவர்கள் வந்து சேரவே இல்லை. ஆறு சைபரில் முடியும் எண்களைத் தேடிப் பார்த்தபோது, தப்பிப் பிழைத்தவர்களின் பட்டியல் கிடைத்தது.

கைபேசிப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ வடிவுக்கு மாற்றிவிட்டு எண்ணைப் போட்டால் இது வராது. சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்ற வகையைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டும். சாதாரண சிஎஸ்வியில் தமிழ்ப் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாகிவிடும், அதை மீட்க வழியே இல்லை.

தமிழில் இன்னொரு தொல்லையும் இருந்தது. முகவரிகளில் ஒரு பகுதி பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினியில் அடித்தது திரையில்தான் தமிழ். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று உள்ளே கிடக்கும். சிஆர்எம்முக்கு அந்த எழுத்துரு தெரியாது, அப்படியே குப்பையாகக் காட்டும். ஊழியர்கள் இதை வைரஸ் என்று நினைத்திருந்தார்கள். இது கேள்விக்குறி மாதிரி இழப்பு அல்ல. என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரியான கருவியில் போட்டு யூனிகோடுக்கு மாற்றினால் முழுசாகத் திரும்பிவிடும், எந்தப் பத்தியில் எந்த எழுத்துரு என்று பிரித்துக் கொடுத்தால் போதும்.

எஸ்எம்எஸ் நினைவூட்டலும் வேண்டும் என்று உரிமையாளர் கேட்டார். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி, வணிக எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனம் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிந்து, அனுப்பும் வாசகத்துக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அனுமதித்த வாசகமும் சிஆர்எம் அனுப்புவதும் ஒத்துப்போகாவிட்டால் செய்தி போகாது. பதிவு முடியட்டும் என்று தள்ளிவைத்திருக்கிறோம். டெக்னீஷியன்களுக்கு அவரவருக்கு ஒதுக்கிய கம்ப்ளைண்ட் மட்டும் தெரியும்படி செக்யூரிட்டி குரூப் போட்டிருக்கிறோம். அதுவரை எல்லா வாடிக்கையாளரின் எண்ணும் முகவரியும் எல்லோர் கைபேசியிலும் திறந்து கிடந்தன.

காணாமல் போனவர்களை மீட்க மூல எக்செல் கோப்பு இல்லை. பழைய லேப்டாப்போடு போய்விட்டது. கணக்குப் பிரிவு டாலி கணக்கு மென்பொருளில் வைத்திருந்த பில்களிலிருந்து பெயர், எண், மோட்டார் விவரம் எடுத்து, சிஆர்எம்மில் இருப்பவர்களைக் கழித்துவிட்டு மீதியை ஏற்றினோம். பில்லில் எண் எழுதாமல் விட்டவர்கள் இன்னும் பாக்கி. அவர்கள் பழுதுக்குக் கூப்பிடும்போது அக்கா பெயரைத் தேடிப் பார்த்து, இல்லையென்றால் பேசிக்கொண்டிருக்கும்போதே புதுப் பதிவு போடுகிறார். காலையில் கணினியைத் திறந்ததும் ஷெட்யூலர் பட்டியலில் அந்தக் ‘கடைசியாக வெற்றிகரமாக ஓடியது’ பத்தியின் நேரத்தைப் பார்த்து மேலாளரிடம் சொல்வதும் இப்போது அவர் வேலைதான்.